குளிர்நாட்டுப் பூவும் காஞ்சி மாமரமும்

காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு பூவுக்கு ஏங்கினோம் என்று சொன்னால் நேயர்கள் நகைப்பார்கள். பொழுது புலருமுன்பே மல்லிகையும் முல்லையும் சாமந்தியும் மரிக்கொழுந்தும் கூடை கூடையாக ஊருக்குள் வந்து இறங்கிவிடுகின்றன. வரதராஜருக்கு மாலை, காமாட்சியம்மைக்கு மாலை, ஏகாம்பரநாதருக்கு மாலை, மிஞ்சியதுதான் மனிதருக்கு. போதாததற்கு, இவ்வூரில் பட்டுங்கூடப் பூக்கிறது. சேலைக் கரையில் தாழம்பூ மடல் விரிக்கும்; உடலில் மல்லிமொக்கு அரும்பும். அப்படிப்பட்ட நகரில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக் கொடுத்துவரும் நமக்கு, இவற்றில் எதிலும் அடங்காத ஒரு மையல் இருந்தது. அது ஆர்க்கிட் மலரின்மேல் கொண்ட மையல்.

ஆர்க்கிட் என்றால் ஏதோ கண்காணாத சீமைப் பூ என்று எண்ணவேண்டாம். உலகில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்ட பெருங் குடும்பம் அது. குழந்தைகள் விரும்பும் ஐஸ்கிரீமுக்கு மணமூட்டுகிற வனிலாக் கொடியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம் பாரத நாட்டிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. சில தரையில் முளைப்பவை. பல மரக்கிளையில் ஒட்டி வாழ்பவை. மூன்று இதழ்களில் ஒன்று மட்டும் உதடுபோல் மடிந்து, நிறமும் கோலமும் மாறி நிற்பது இப்பூக்களின் தனிச் சிறப்பு. அந்த உதடுதான் வண்டுக்கு விரித்த ஆசனம்.

நாம் செய்த பிழை

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் மலையூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். சாலை ஓரத்தில் ஒருவன் கோணிப்பையை விரித்து, பாசியும் மரப்பட்டையும் ஒட்டியிருந்த ஆர்க்கிட் செடிகளைக் கட்டுக் கட்டாக வைத்து விற்றுக்கொண்டிருந்தான். வேர்கள் அறுந்து தொங்கின. அவை எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும் என்னும் எண்ணமே நமக்குத் தோன்றவில்லை. விலை பேசி ஒரு கட்டை வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

திண்ணையில் பெரிய தொட்டி வைத்து, தோட்டத்து மண்ணையும் தொழு உரத்தையும் கலந்து நட்டோம். காலையிலும் மாலையிலும் தண்ணீர் வார்த்தோம். அக்கினி நட்சத்திரம் பிறந்தது. முதலில் இலை நுனி கருகிற்று. பிறகு அடித்தண்டு குழைந்து நாற்றமெடுத்தது. நாற்பதாவது நாள் நம் இல்லாள் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, "நீங்கள் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறீர்களே!" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

காட்டில் பிடுங்கிய செடி அது என்பதைப் பின்னால்தான் விசாரித்து அறிந்தோம். அன்று முதல் ஆர்க்கிட் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் நமக்குச் சிறிது வெட்கமாகவே இருந்து வந்தது.

உறைபனியில் ஒரு தாழ்வாரம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அரையாண்டு விடுமுறையில், கல்லூரி நாளைய நண்பர் ஒருவர் தம் பெரியம்மாவைக் காண உதகமண்டலம் புறப்பட்டவர் எங்களையும் உடன் அழைத்தார். "பெரியம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்பது தொட்டி ஆர்க்கிட் இருக்கிறது" என்று அவர் சொன்ன மாத்திரத்தில் நாம் மூட்டை கட்டிவிட்டோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். குன்னூர் வரையில் 1899-லும், உதகை வரையில் 1908-லும் ஓடத் தொடங்கிய பாதை அது. 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வரிசை பதித்திருக்கிறார்கள். எஞ்சின் பின்னால் நின்று, சக்கரப் பல்லால் அதைக் கவ்விக் கவ்வி, வண்டிகளை மேலே தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் பாக்கு மரங்கள் கீழே நின்றுவிட்டன. குன்னூர் வந்ததும் மேல்துணி தேட வேண்டியதாயிற்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். உதகையோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்றிரவு மூன்று கம்பளிக்குள் நடுங்கியபடி அந்தப் பாடத்தை நாமே படித்துக்கொண்டோம்.

மறுநாள் விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால், பள்ளத்தாக்கின் புல்வெளி முழுவதும் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெண்மை. உறைபனி! தோட்டத்து டாலியாச் செடிகள் கறுத்துத் தலை சாய்ந்து நின்றன. ஆனால் வீட்டின் கிழக்குப் பக்கத்தில், கண்ணாடி அடைத்த தாழ்வாரத்தில், வாள்போல் நீண்ட இலைகளுக்கு நடுவே பூந்தண்டுகள் வளைந்து நின்றன. சிலவற்றில் மொட்டுகள், நான்கைந்தில் மலர்ந்த பூக்கள். ஒன்று தந்த நிறம், ஒன்று இளம் பச்சை, ஒன்று வெல்லப்பாகின் நிறம். சிம்பிடியம் என்னும் இனம் அது. ஒரு தண்டில் பத்துப் பதினைந்து பூக்கள். ஒருமுறை மலர்ந்தால் ஆறேழு வாரம் வாடுவதில்லை.

பெரியம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகையால், கேள்வி கேட்பவரைக் கண்டால் அவருக்கு மகிழ்ச்சி.

"ராத்திரியெல்லாம் நெருப்பு மூட்டி வைப்பீர்களோ?" என்று கேட்டோம்.

"எனக்கு ஏது தம்பி அவ்வளவு விறகு? பகலெல்லாம் வெயில் இந்தக் கண்ணாடி வழியே உள்ளே வருகிறது. தரையும் சுவரும் அதை வாங்கி வைத்துக்கொள்கின்றன. சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைச் சாத்திக் கெட்டித் திரையை இழுத்துவிடுகிறேன். உறைபனி இலையைத் தொடாமல் இருந்தால் போதும். குளிர் இதற்குப் பகையில்லை. குளிர்தான் இதற்குக் கடிகாரம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை விளக்கும்படி வேண்டினோம். சிம்பிடியத்தின் முன்னோர் இமயச் சாரலிலும் பர்மா மலைகளிலும் வாழ்ந்தவர்கள். கோடையும் மழையும் கழிந்து இரவுகள் குளிரத் தொடங்கும்போதுதான் அச்செடிகள் பூந்தண்டு விடும். பகலில் நல்ல வெளிச்சமும், இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிருமாகச் சில வாரங்கள் கழிய வேண்டும். அந்தக் குளிர் இரவுகள் கிடைக்காவிட்டால் இலை தழைக்கும்; பூ வராது. காஞ்சியிலோ கோடை இரவுகளில் வெப்பம் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. நாம் எவ்வளவு தண்ணீர் வார்த்தால்தான் என்ன?

வளர்க்கும் முறையையும் பெரியம்மா கைப்பட நடத்திக் காட்டினார். தொட்டியில் மண்ணே கிடையாது. கரித்துண்டு, உடைத்த செங்கல், பல நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சாறு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டு, இவ்வளவுதான். வேருக்கு ஈரத்தைவிடக் காற்று முக்கியம். தண்ணீர் காலையில்தான் வார்க்க வேண்டும். மாலையில் வார்த்தால் குருத்தில் தேங்கிய நீர் இரவுக் குளிரில் செடியை அழுகச் செய்துவிடும். கூடுமானவரை மழைநீர் நல்லது. உரம், நீராகாரத்தைப்போல் மெலிதாகக் கரைத்து, வளரும் பருவத்தில் மட்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூத்து முடிந்த பிறகு, தொட்டி மாற்றலாம். பிரிப்பதானால், வெங்காயம்போல் தடித்திருக்கும் அடித்தண்டுகள் மூன்றாவது சேர்ந்திருக்கும்படி பிரிக்க வேண்டும். தனித்தண்டு பிழைக்கும், ஆனால் பூக்கப் பல ஆண்டு ஆகும்.

"இலை கரும்பச்சையாக இருந்தால் அழகு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது வெயில் போதாத இலை. கொஞ்சம் மஞ்சள் ஓடிய இலைதான் பூக்கும் இலை" என்று சொல்லி, கண்ணாடியை ஒட்டியிருந்த தொட்டி ஒன்றைத் தடவிக் கொடுத்தார்.

போனதும் வந்ததும்

இந்தப் பூக்களின் பூர்வோத்தரம் நம் தேசத்தின் கதையோடு பின்னியது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது. டெவன்ஷயர் பிரபு 1835-ல் ஜான் கிப்ஸன் என்ற தோட்டக்காரரை நம் நாட்டுக்கு அனுப்பினார். அவர் காசி மலைகளிலிருந்து செடிகளை வாரிக்கொண்டு 1837-ல் திரும்பினார். 1850-ல் அதே மலைகளில் நீல வந்தா என்னும் ஒப்பற்ற மலரைக் கண்ட ஜோசப் ஹூக்கர், லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்கென்று ஏழு ஆள் சுமை சேகரித்தார். அவற்றுள் உயிரோடு சீமை சேர்ந்தவை சிலவே.

போய்ச் சேர்ந்தவற்றின் கதியும் மேலானதல்ல. வெப்ப நாட்டுச் செடிதானே என்று, காற்றுப் புகாத கண்ணாடி வீடுகளில் நிலக்கரியை எரித்து, ஆவியில் வேகவைத்தார்கள். குளிர்ந்த மலைமேல் தென்றலில் ஆடியவை ஆயிரக்கணக்கில் மாண்டன. பிரபுவின் தலைமைத் தோட்டக்காரரான ஜோசப் பாக்ஸ்டன் போன்ற சிலர்தாம் செடியின் சொந்த ஊர் எப்படிப்பட்டது என்று கேட்டு, தனித்தனி வீடுகளில் வெவ்வேறு வெப்பமும் நல்ல காற்றும் கிடைக்கச் செய்து பிழைக்க வைத்தார்கள். அவர்கள் குளிர்நாட்டில் இருந்துகொண்டு மலைச் செடியைச் சூட்டால் கொன்றார்கள். நாம் காஞ்சித் திண்ணையில் இருந்துகொண்டு அதே காரியத்தைச் செலவில்லாமல் செய்தோம். பிழை ஒன்றுதான்.

பிறகு அவர்கள் இனக்கலப்புச் செய்யக் கற்றார்கள். காசி மலை முதலிய இடங்களின் வெண்ணிறச் சிம்பிடியத்தையும் பர்மாவின் பச்சைநிறச் சிம்பிடியத்தையும் சேர்த்து, அவ்வினத்தின் முதல் கலப்புச் செடியை வீச் என்னும் தோட்டக் கம்பெனியார் 1889-ல் வெளியிட்டனர். பெரியம்மாவின் தாழ்வாரத்தில் நின்றவை அவ்வாறு பிறந்தவற்றின் வழிவந்தவை. நம் பருத்தி கப்பலேறிப் போய்த் துணியாகத் திரும்பி வந்த கதையை நெசவூர்க்காரர்களாகிய நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பூவும் அப்படியே போய், விலைச்சீட்டோடு வந்திருக்கிறது.

ஆனால் அக்காலத்து வெள்ளையர் எல்லாரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல. தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்த டாக்டர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெரிய சித்திர நூலுக்கு ரங்கய்யா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் படம் எழுதினார்கள். நன்றி மறவாத வைட், ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் 'கோவிந்தூயா' என்றே பெயர் சூட்டினார். பின்னாளில் தாவர நூலார் அச்செடியை வேறோர் இனத்தில் சேர்த்துவிட்டபடியால் அப்பெயர் வழக்கொழிந்தது. அந்த ஓவியரின் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

தொட்டி வாங்காமல் திரும்பினோம்

புறப்படும் நாள் காலை நம் மனத்தில் பழைய ஆசை மெல்லத் தலைதூக்கிற்று. "பெரியம்மா, ஒரு தொட்டி..." என்று ஆரம்பித்தோம்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "தம்பி, என் பிள்ளை சென்னைக்கு வந்துவிடு என்று கூப்பிடுகிறான். இந்தக் குளிர் என் முழங்காலுக்கு ஆகவில்லை. சித்திரையில் போய்விடுவேன். நான் எந்த ஊரிலும் இருந்துவிடுவேன், இவை இருக்கமாட்டா. நாற்பதையும் யாருக்குக் கொடுப்பது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து வீடு, பால்காரர், என் பழைய பள்ளிக்கூடம். எல்லாம் இந்த மலையிலேயே இருப்பவர்கள். உங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்றில்லை. கொடுத்தால் ஒரு கோடையில் போய்விடும். எனக்குத் தெரிந்தும் கொடுக்கலாமா?" என்றார்.

நம் இல்லாள் நம் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது ஆண்டுக்கு முந்திய தொட்டியின் கதையை அவரிடம் சொல்லிவிட்டோம். பெரியம்மா சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. "உங்கள் ஊரில் மாமரம் உண்டா?" என்று மட்டும் கேட்டார். மாமரத்தின் பெயரால் சுவாமி பெயர்கொண்ட ஊராயிற்றே எங்கள் ஊர் என்றோம். "அப்படியானால் அண்ணாந்து பாருங்கள்" என்றார்.

அண்ணாந்து பார்த்தபோது

ஊர் திரும்பிய பிறகு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். மாசி மாதத்தில் ஊருக்கு வெளியே சாலை அகலப்படுத்துவதற்காக வெட்டிச் சாய்த்திருந்த கிழ மாமரம் ஒன்றின் கிளையில், தடித்த வார்போன்ற இலைகளும், கயிறுபோல் தொங்கும் சாம்பல்நிற வேர்களுமாக ஒரு செடி ஒட்டியிருந்தது. மரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர், "அது புல்லுருவி, சாமி! மரத்தை உறிஞ்சுகிற சனியன்" என்றார்.

புல்லுருவி அல்ல. புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்திச் சாற்றைக் குடிப்பது. இதுவோ கிளையை இருக்கையாகக் கொள்வதன்றி ஒரு சொட்டும் களவாடுவதில்லை. வேரைச் சுற்றி வெண்மையான பஞ்சுத்தோல் ஒன்று உண்டு. மழையையும் பனியையும் அதுவே உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நனைந்ததும் அவ்வேர் பச்சையாக மாறுவதைக் கண்ணால் காணலாம். மலையாளத்தில் இத்தகைய செடிகளை மரவாழை என்பார்கள். மரத்தில் வாழ்வதற்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! வடமொழியில் வந்தா. அந்த வந்தா என்னும் பெயரையே தாவர நூலார் எடுத்துக்கொண்டு ஓர் இனம் முழுமைக்கும் சூட்டியிருக்கிறார்கள். நீல வந்தாவுக்கு இது உடன்பிறப்பு. காஞ்சி வெயிலில் வாழ்ந்து பழகிய செடி.

விறகோடு விறகாகப் போக இருந்ததைக் கேட்டு வாங்கிவந்து, கொல்லைப்புற மாமரத்தின் கிழக்குக் கிளையில் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினோம். மண் இல்லை, தொட்டி இல்லை. காலையில் மட்டும் வேர் பச்சையாகும் வரை தண்ணீர் தெளித்தோம். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். ஆகையால் மழைநீரைப் பிடித்து வைத்தோம்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் நெசவாளர் ஒருவர், நம் பழைய மாணவனின் தந்தை, ஒருநாள் வந்து பார்த்தார். பட்டு நூல் அனல்காற்றில் காய்ந்தால் அறுந்துபோகும். ஆகையால் குழித்தறி இருக்கும் கூடத்தை ஈரப்பதத்தோடு வைத்திருப்பது அவர்கள் வழக்கம். அவர் வேரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பகல் உச்சியில் அடிமரத்தைச் சுற்றித் தரையை நனைத்துவிடுங்கள், ஐயா. ஈரம் தானாக மேலே போகும். நூலுக்கு நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்" என்றார். நம் பட்டப்படிப்பில் இல்லாத யோசனை. அப்படியே செய்தோம்.

முதல் ஆண்டு பூ இல்லை. ஆனால் ஆடியில் பச்சை நுனியோடு ஒரு புது வேர் புறப்பட்டு, மரப்பட்டையைத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டது. இவ்வாண்டு வைகாசியில், வெளியில் கால்வைக்க முடியாத வெயிலில், ஒரு பூந்தண்டு வந்தது. ஆறு பூக்கள். பழுப்பும் மஞ்சளும் கட்டம் கட்டமாகக் கலந்த இதழ். நடுவில் ஊதா உதடு. காலையில் இனிய மணம். சிம்பிடியத்தின் பகட்டு அதற்கு இல்லைதான். நெசவாளர் மறுபடியும் வந்து, காகிதத்தில் அந்தக் கட்டங்களைப் புள்ளி வைத்து எழுதிக்கொண்டு போனார். அது எந்தச் சேலையில் ஏறுமோ, அவருக்குத்தான் தெரியும்.

பெரியம்மா இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். செய்தி சொன்னதும் காரில் வந்து இறங்கினார். மரத்தடியில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "உதகையில் இதைக் கட்டினால் ஒரே உறைபனியில் போய்விடும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்ததாகவே நமக்குத் தோன்றிற்று.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அகத்தியர் மலையில் மட்டுமே இயற்கையாக வளரும் ஓர் ஆர்க்கிட் உண்டு. மஞ்சள் நிறப் பாதுகை வடிவம் கொண்ட அது, 1865-ல் கண்டறியப்பட்டு, பிறகு அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டு, 1972-ல் மறுபடியும் அகப்பட்டது. அகப்பட்ட செய்தி பரவியதும் பறிப்பவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அதன் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கென்று உணவு இல்லாதது. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றி முளைக்காதது. சர்க்கரை சேர்த்த கடற்பாசிக் கூழில் ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைக்கலாம் என்று 1922-ல் நட்ஸன் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டிவிட்டார். ஆகவே வளர்க்க விரும்புகிறவர் நாற்றங்காலில் பிறந்த செடியைக் கேட்டு வாங்கலாம். காட்டைத் தொட வேண்டியதில்லை. நீல வந்தா முதலிய சிலவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 முதல் காத்துவருகிறது.

குளிர்ந்த ஊரில் இருப்பவர்கள் சிம்பிடியம் வளர்க்கட்டும். வெயில் ஊரில் இருப்பவர்கள் வந்தா வளர்க்கட்டும். மலைக்குப் போகும்போது சாலை ஓரத்தில் கோணிப்பை விரித்திருப்பதைக் கண்டால் மட்டும், வாங்காமல் நடந்துவிடுங்கள். நாம் ஒருமுறை நின்று வாங்கினோம்.